இரண்டுமில்லை என்கிற மூன்றாவது கட்டம்

பல வருடங்களுக்கு முன்பு, ஒரு சிறு நகரத்தில் மாலை நேர ட்யூஷன் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன். கணக்கு இதுதான்: ம³ + ம + 5 என்ற பல்லுறுப்புக் கோவை இரட்டைப்படைச் சார்பா, ஒற்றைப்படைச் சார்பா, இரண்டுமில்லையா? (பள்ளிப் புத்தகத்தில் எக்ஸ் என்று வருகிற மாறியை இந்தக் கட்டுரை முழுக்க ‘ம’ என்று எழுதுகிறேன்.) அவள் ‘ஒற்றைப்படை’ என்று எழுதியிருந்தாள். மூன்று, ஒன்று, ஐந்து, எல்லாம் ஒற்றைப்படைதானே. அடித்துவிட்டு ‘இரண்டுமில்லை’ என்று எழுதினேன். ‘‘இரண்டுமில்லைன்னா அப்ப அது என்ன சார்?’’ என்று கேட்டாள். ‘‘அதுக்குப் பேரு கிடையாதும்மா. இரண்டுமில்லை, அவ்வளவுதான். அடுத்த கணக்குக்குப் போ’’ என்றேன்.

பரீட்சையில் அந்த விடைக்கு முழு மார்க் கிடைக்கும். ஆனாலும் அவள் கேட்ட கேள்விக்கு நான் சொன்னது பதிலே இல்லை என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

அதைத் திரும்ப ஞாபகப்படுத்தியது எங்கள் வாசகர் வட்டத்தில் நடந்த ஒரு சண்டை. அமைப்பியல்வாதம் பற்றிப் பேச்சு வந்தபோது, கவிதை எழுதுகிற நண்பர் ஒருவர் ஒரே போடாகப் போட்டார்: ‘‘இந்த இருமை எதிர்வுங்கிற வியாதியே கணக்குலேருந்து வந்ததுதான்யா. ஒற்றை – இரட்டை, பிளஸ் – மைனஸ். உலகத்த ரெண்டாப் பொளந்து ஒண்ண ஒசத்தி, ஒண்ணத் தாழ்த்தறது. பித்தகோரஸ்லேருந்து அதான் நடக்குது.’’ நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கும் அப்போது மறுத்துச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. பித்தகோரியர்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மைகூட. ஆனால் ‘ஒற்றை – இரட்டை’ என்ற அதே சொல் ஜோடி, எண்களை விட்டுச் சார்புகளுக்குக் குடிபெயர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதை அவர் பார்க்கவில்லை. ட்யூஷன் வாத்தியாரான நானும் பார்த்ததில்லை. அந்தக் குடிபெயர்ச்சியின் கதையைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். கணிதக் கருத்தாக்கங்களைக் கொண்டுவந்து சமூக விமர்சனத்தில் தூவுகிற பழக்கத்தை 1996இல் அலன் சோகல் ஒரு போலிக் கட்டுரை அனுப்பி எப்படிக் கேலிக்கூத்தாக்கினார் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அந்த பயம் எனக்கும் உண்டு. ஆகவே கணக்கைக் கணக்காகவே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சோதனை எளிது. ம இருக்கிற இடத்தில் எல்லாம் –ம என்று போட்டுப் பாருங்கள். கோவை அப்படியே திரும்பி வந்தால் அது இரட்டைப்படைச் சார்பு. எல்லா உறுப்பும் குறி மாறித் திரும்பினால் ஒற்றைப்படைச் சார்பு. சிலது மாறிச் சிலது மாறாமல் வந்தால் இரண்டுமில்லை. குறுக்குவழியும் உண்டு: விரித்து, ஒத்த உறுப்புகளைச் சேர்த்து எழுதிய பிறகு அடுக்குகளை மட்டும் பார்த்தால் போதும். எல்லாம் இரட்டை என்றால் இரட்டை, எல்லாம் ஒற்றை என்றால் ஒற்றை. விரிக்காமல் பார்த்தால் ஏமாந்துபோவோம். (ம + 1)² – 2ம என்பது பார்வைக்கு எதிலும் சேராததுபோல இருந்தாலும் விரித்தால் ம² + 1, சுத்தமான இரட்டைப்படை. என் மாணவி விழுந்த பள்ளம் வேறு. அவள் 5ஐ அடுக்காகப் படித்துவிட்டாள். 5 வெறும் கெழு. அதன் அடுக்கு பூஜ்யம். 5 என்று எழுதினாலும் அது 5ம⁰. பூஜ்யம் இரட்டைப்படை எண். ம இருந்தாலென்ன, –ம இருந்தாலென்ன, அந்த 5 அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அசையாமல் இருப்பதுதான் இரட்டைப்படையின் லட்சணம்.

இதை இன்றைக்குப் பதினாறு வயதுப் பிள்ளை அரை நிமிஷத்தில் செய்கிறது. ஆனால் ஒற்றை – இரட்டை பற்றி கிரேக்கர்கள் பேச ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்க ஐரோப்பாவுக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பிடித்தது.

பித்தகோரியர்களின் பட்டியலை அரிஸ்டாட்டில் தன் ‘மெட்டபிசிக்ஸ்’ நூலின் முதல் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். பத்து ஜோடி எதிர்வுகள். ஒரு பக்கம் எல்லை, ஒற்றை, ஒன்று, வலது, ஆண், அசைவின்மை, நேர், ஒளி, நன்மை, சதுரம். மறுபக்கம் எல்லையின்மை, இரட்டை, பல, இடது, பெண், அசைவு, வளைவு, இருள், தீமை, நீள்சதுரம். இரட்டைப்படை எண் பெண்ணோடும் இருளோடும் தீமையோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. நண்பரின் வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அதே இடத்தில் அரிஸ்டாட்டில் இன்னொன்றும் சொல்கிறார்: ‘ஒன்று’ என்பதை மட்டும் அவர்கள் ஒற்றை, இரட்டை இரண்டும் ஆனதாகக் கருதினார்கள். பட்டியல் போட்டவர்களாலேயே தங்கள் கட்டத்துக்குள் எல்லாவற்றையும் அடைக்க முடியவில்லை. பிற்பாடு, சதுரத்தின் மூலைவிட்டத்தைப் பக்கத்தால் அளக்க முடியும் என்று வைத்துக்கொண்டால் ஒரே எண் ஒற்றையாகவும் இரட்டையாகவும் ஆகவேண்டி வரும் என்ற நிரூபணம் வந்தது. அதையும் அரிஸ்டாட்டில்தான் குறிப்பிடுகிறார். எண்களின் உலகத்தில் ஒற்றையும் இரட்டையும் ஒன்றாகிவிட்டால் பிரளயம். யூக்ளிட் தன் ‘மூலங்கள்’ நூலின் ஒன்பதாம் புத்தகத்தில் 21ஆம் தேற்றத்திலிருந்து 34 வரை இந்தப் பிளவைக் கட்டிக் காக்கிறார்: ஒற்றையும் ஒற்றையும் கூடினால் இரட்டை, ஒற்றையை ஒற்றையால் பெருக்கினால் ஒற்றை, இப்படி. எந்த எண்ணும் நடுவில் நிற்க முடியாது.

இந்தப் பிளவு, எண்ணிலிருந்து கோவைக்கு வர மூன்று தடைகள் இருந்தன.

முதல் தடை, அடுக்கு என்பது ஒரு எண்ணாகவே இல்லை. வர்க்கத்துக்கு ஒரு பெயர், கனத்துக்கு ஒரு பெயர், அதற்குமேல் கூட்டுப் பெயர்கள். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் வியட் கூட அவற்றைச் சொற்களாகத்தான் எழுதினார். கனம் என்ற சொல்லைப் பார்த்து ‘இது ஒற்றைப்படையா?’ என்று யாரும் கேட்க முடியாது. அதைக் கேட்க, அடுக்கு ஒரு இலக்கமாகத் தலைக்கு மேலே ஏற வேண்டும். இதில் ஒரு சோகக் கதை உண்டு. நிக்கோலா ஷூகே என்கிற பிரெஞ்சுக்காரர் 1484லேயே அடுக்குகளை இலக்கமாக எழுதினார். அதோடு விடவில்லை. தனி எண்ணுக்கும் மேலே பூஜ்யம் போட்டு எழுதினார். பன்னிரண்டு என்றால் 12⁰. என் மாணவி தவறவிட்ட அந்தப் பூஜ்யத்தை அவர் தவறவிடவில்லை. ஆனால் அவருடைய நூல் அச்சேறியது 1880இல். நாநூறு வருடம் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. இப்போது நாம் எழுதுகிற முறை தெக்கார்த் 1637இல் வெளியிட்ட ‘ஜியாமெட்ரி’ வழியாக வந்தது.

இரண்டாவது தடை குறை எண். –ம என்று போட்டுப் பார்க்க வேண்டுமானால் –ம என்பது ம அளவுக்கே மரியாதையுள்ள ஒரு எண்ணாக இருக்க வேண்டும். இந்தியாவில் 628லேயே பிரம்மகுப்தர் குறை எண்ணைக் ‘கடன்’ என்றும் மிகை எண்ணைச் ‘செல்வம்’ என்றும் வைத்து, பூஜ்யத்தையும் சேர்த்துக்கொண்டு, கூட்டல் பெருக்கல் விதிகளை எழுதிவிட்டார். ஐரோப்பாவில் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. தெக்கார்த்தே குறை மூலங்களைப் ‘பொய் மூலங்கள்’ என்றுதான் அழைத்தார். மிகை மூலங்கள் ‘மெய்’. மறுபடியும் ஒரு இருமை எதிர்வு, மறுபடியும் ஒன்று ஒசத்தி.

ஆனால் அந்தப் புத்தகத்தின் மூன்றாம் பகுதியில் அவர் செய்கிற காரியம் வேடிக்கையானது. ம⁴ – 4ம³ – 19ம² + 106ம – 120 = 0 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்கிறார். இதற்கு 2, 3, 4 என்று மூன்று மெய் மூலங்கள், 5 என்று ஒரு பொய் மூலம். (இன்றைய பாஷையில் –5.) இரண்டாவது, நான்காவது இடத்தில் இருக்கிற உறுப்புகளின் குறியை மட்டும் மாற்றுங்கள் என்கிறார். ம⁴ + 4ம³ – 19ம² – 106ம – 120 = 0 என்றாகிறது. இப்போது மெய் மூலம் ஒன்று, 5. மற்ற மூன்றும் பொய். மெய்யெல்லாம் பொய்யாகி, பொய் மெய்யாகிவிட்டது. ம இருக்கும் இடத்தில் –ம போட்டால் கிடைப்பது இதேதான். அவரோ அப்படிச் சொல்வதில்லை. உறுப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுகிறார். எண்ணிக்கை தப்பாமல் இருக்க, இல்லாத உறுப்பின் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவைக்கிறார். இல்லாததற்கும் ஒரு நாற்காலி! சபையில் வராதவருக்கு இடம் பிடித்து வைப்பதுபோல. எனக்கு தெக்கார்த்திடம் பிடித்த விஷயம் அவருடைய தத்துவத்தைவிட இந்த நட்சத்திரம்தான்.

சோதனை கிட்டத்தட்டக் கையில் இருக்கிறது. ஆனாலும் ஒற்றை, இரட்டை என்ற பேச்சே அங்கே எழவில்லை. காரணம் மூன்றாவது தடை. மற்ற இரண்டையும்விட இதுதான் ஆழமானது என்று நினைக்கிறேன். தெக்கார்த்துக்கு முன்னால் இருந்தது சமன்பாடு. சமன்பாட்டின் ஒரு பக்கம் பூஜ்யம். முழுக் கோவையையும் –1ஆல் பெருக்கினாலும் அதே சமன்பாடுதான், அதே மூலங்கள்தான். ம³ – 4ம = 0 என்பதன் மூலங்கள் 0, 2, –2. ம² – 4 = 0 என்பதன் மூலங்கள் 2, –2. இரண்டும் பூஜ்யத்துக்கு இருபுறமும் ஒத்து நிற்கின்றன. முதலாவது ஒற்றைப்படை, இரண்டாவது இரட்டைப்படை. மூலங்களை மட்டுமே தேடுகிற கண்ணுக்கு, ‘அப்படியே திரும்பியது’க்கும் ‘குறி மாறித் திரும்பியது’க்கும் வித்தியாசம் தெரியாது. அந்த வித்தியாசம் தெரிய, கோவையை விடை கண்டதும் தூக்கிப் போடுகிற புதிராகப் பார்ப்பது நின்று, ஒவ்வொரு ம–வுக்கும் ஒரு மதிப்பைத் தருகிற பொருளாகப் பார்ப்பது தொடங்க வேண்டும். அதாவது சார்பு என்ற கருத்தாக்கம் வேண்டும்.

கேள்வி இல்லாமல் தகவல் மட்டும் கையில் இருப்பது என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சங்கமகிராமத்து மாதவன் பதினான்காம் நூற்றாண்டின் கடைசியிலோ பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ கண்ட வரிசைகளை, ஜ்யேஷ்டதேவன் 1530 வாக்கில் மலையாள உரைநடையில் ‘யுக்திபாஷா’ என்று நிரூபணங்களோடு எழுதிவைத்தார். சைனுக்கான வரிசையில் வில்லின் அடுக்குகள் 1, 3, 5, 7 என்று போகின்றன. கொசைன் பக்கம் 2, 4, 6. ஒன்றில் ஒற்றை மட்டும், மற்றதில் இரட்டை மட்டும். முடிவில்லாத நீளமுள்ள பல்லுறுப்புக் கோவைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் நியூட்டன் இவற்றை எழுதியது 1669இல். கம்பெனி உத்தியோகஸ்தரான சார்லஸ் விஷ் 1834இல் எழுதும்வரை கேரளத்துக் கணிதம் வெளியுலகத்துக்குத் தெரியாது. அந்த ஒற்றையும் இரட்டையும் வரிசை வரிசையாகப் பிரிந்து விழுந்தது வட்டத்தின் வடிவகணிதத்திலிருந்து. அவர்களுக்கு வேண்டியிருந்தது கிரகங்களைக் கணிக்கத் துல்லியமான ஜ்யா அட்டவணை. ‘ஏன் ஒற்றை மட்டும்?’ என்பது ஒரு தனிக் கேள்வியாக ஆகவில்லை. இதைக் குறையாகச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நியூட்டனுக்கும் அது கேள்வியாக இல்லை.

1727 மே மாதத்தில், அரசி முதலாம் காதரின் இறந்துபோன நாட்களில், பாசல் நகரத்து இளைஞன் ஒருவன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தான். லியோனார்டு ஆய்லர். வயது இருபது. அந்த வருடமே அங்கிருந்த அறிவியல் கழகத்தில் அவன் அளித்த ஒரு கட்டுரையில்தான், எனக்குத் தெரிந்தவரை, ‘இரட்டைச் சார்பு’, ‘ஒற்றைச் சார்பு’ என்ற லத்தீன் சொற்கள் முதன்முதலாக வருகின்றன. கட்டுரையின் விஷயம் பல்லுறுப்புக் கோவை அல்ல. பெர்னூலி குடும்பத்தார் கிளப்பிவிட்ட ஒரு வளைவரைப் புதிர். ஒரு வளைவரையை எடுத்துக்கொள்ளுங்கள். நிலைக்குத்தாக ஒரு கோட்டைக் கண்ணாடிபோல் வைத்து அதன் பிம்பத்தை வரையுங்கள். பிறகு அந்தப் பிம்பத்தைக் கண்ணாடிக் கோட்டுக்கு இணையாக மேலும் கீழும் நகர்த்துங்கள். எங்கே நகர்த்தினாலும் மூலமும் பிம்பமும் ஒரே கோணத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட வளைவரை எது?

கண்ணாடிக்கு வலதுபுறம் ஒரு தூரத்தில் வளைவரை சாய்ந்திருக்கிற கோணத்தையும், இடதுபுறம் அதே தூரத்தில் சாய்ந்திருக்கிற கோணத்தையும் கூட்டினால் தொகை எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கொஞ்சம் யோசித்தால் புரியும். அந்தத் தொகையில் பாதியைச் சாய்விலிருந்து கழித்துவிட்டால் மிஞ்சுவது, வலதுபக்கம் எவ்வளவோ அவ்வளவே இடதுபக்கம் எதிர்க்குறியோடு இருக்கும். சுத்தமான ஒற்றைப்படை. புதிரைத் தீர்க்க இந்த ஜாதிச் சார்புகளுக்கு ஒரு பெயர் வைத்தே ஆக வேண்டியிருந்தது. ம–வுக்குப் பதிலாக –ம போட்டாலும் மாறாமல் இருப்பவற்றை ‘பாரெஸ்’ என்றும், எதிர்க்குறியாகிறவற்றை ‘இம்பாரெஸ்’ என்றும் அழைத்தான். பெயருக்குக் காரணம் அடுக்குதான். பின்ன அடுக்குகளையும் விடவில்லை: மேலே இரட்டை எண்ணும் கீழே ஒற்றை எண்ணும் இருந்தால் அதுவும் இரட்டைச் சார்பே. ம–வின் 2/3 அடுக்கு அப்படிப்பட்டது. 1748இல் லோசானில் அச்சான அவனுடைய (இப்போது ‘அவருடைய’ என்று எழுத வேண்டும், வயது நாற்பத்தொன்று) ‘முடிவிலிப் பகுப்பாய்வுக்கு ஓர் அறிமுகம்’ நூலில், சார்பு என்றால் என்ன என்று வரையறுக்கிற முதல் அத்தியாயத்திலேயே இந்த இரண்டும் இடம்பிடித்துவிட்டன. நம் பள்ளிப் புத்தகத்துக் கணக்கு அந்த அத்தியாயத்தின் எள்ளுப்பேரன்.

கவனிக்க வேண்டியது, அவர் கையில் இது நல்லது கெட்டது சொல்கிற பட்டியல் அல்ல, கருவி. கண்ணாடிக்கு இருபுறமும் என்ன நடக்கிறது என்று பார்க்கிற கருவி. ஆனால் கருவிக்கு வைத்த பெயர் பழைய பெயர். அங்கேதான் வம்பு.

லத்தீனில் ‘பார்’ என்றால் சமம், இணை. ‘இம்பார்’ என்பது அதன் மறுப்பு மட்டுமே. பித்தகோரியர்களுக்கு ஒசத்தியாக இருந்த ஒற்றை இங்கே வெறும் ‘அல்லாதது’ ஆகிவிட்டது. ஆங்கிலத்தின் ‘ஆட்’ நோர்ஸ் மொழியில் முனை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்து, இணை சேராமல் மிஞ்சிய மூன்றாவது என்றாகி, விசித்திரம் என்ற அர்த்தத்துக்கும் போய்விட்டது. தமிழில் ஒன்றிலிருந்து ஒற்றை, இரண்டிலிருந்து இரட்டை; இரண்டுக்குமே சொந்தப் பெயர். மொய் எழுதுகிற இடத்தில் நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து நூற்றியொன்று ஆக்குகிற நமக்கு ஒற்றைமேல் கொஞ்சம் பாசம்கூட. ஆக, எது மேல் எது கீழ் என்பது மொழிக்கு மொழி புரண்டுகொண்டே இருக்கிறது. கணக்கு அதைக் கண்டுகொள்வதில்லை.

சொல்லின் சாயலைவிடப் பெரிய ஆபத்து, எண்களின் விதிகள் சார்புகளுக்கும் பொருந்தும் என்று நம்பிவிடுவது. ஒற்றை எண்ணும் ஒற்றை எண்ணும் கூடினால் இரட்டை. ஆனால் ஒற்றைச் சார்பும் ஒற்றைச் சார்பும் கூடினால் ஒற்றைதான். ம³ + ம மறுபடி ஒற்றையே. ஒற்றை எண்ணை ஒற்றை எண்ணால் பெருக்கினால் ஒற்றை. ஒற்றைச் சார்பை ஒற்றைச் சார்பால் பெருக்கினால் இரட்டை, ம–வை ம³–ஆல் பெருக்கினால் ம⁴. யூக்ளிட் கட்டிக் காத்த விதிகள் தலைகீழாகின்றன. (பெருக்கும்போது அடுக்குகள் கூடுகின்றன என்பதால் எண்களின் கூட்டல் விதி இங்கே பெருக்கல் விதியாக வந்து உட்கார்ந்துகொண்டது.) இன்னும் முக்கியமானது, எண்கள் உலகத்தில் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு பக்கம் இருந்தே தீர வேண்டும். சார்புகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோவையை எழுதினால் அது பெரும்பாலும் எந்தப் பக்கமும் இருக்காது. இரண்டு பக்கமும் இருக்கிற ஒன்றும் உண்டு. பூஜ்யம். எல்லா இடத்திலும் பூஜ்ய மதிப்பு தருகிற சார்பு, மாறாமலும் திரும்பும், குறி மாறியும் திரும்பும். அது ஒன்றே ஒன்றுதான் அப்படி. அரிஸ்டாட்டில் சொன்ன ‘ஒன்று’ வகித்த இடத்தில் இங்கே பூஜ்யம்.

இனி அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ம³ + ம + 5 என்ன? அதற்குள்ளே பாருங்கள். ம³ + ம ஒற்றை. 5 இரட்டை. இரண்டும் சேர்ந்ததுதான் அது. எந்தப் பல்லுறுப்புக் கோவையையும் இப்படி ஒற்றை அடுக்குகளை ஒரு பக்கம், இரட்டை அடுக்குகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிடலாம். பல்லுறுப்புக் கோவைக்கு மட்டும் என்றில்லை. எந்தச் சார்பானாலும், ம–வில் அதன் மதிப்பையும் –ம–வில் அதன் மதிப்பையும் கூட்டிப் பாதியாக்கினால் கிடைப்பது இரட்டைப் பங்கு. கழித்துப் பாதியாக்கினால் ஒற்றைப் பங்கு. இரண்டையும் கூட்டினால் பழைய சார்பு. இந்தப் பாகப்பிரிவினை ஒரே ஒரு விதமாகத்தான் நடக்கும். இரண்டு விதமாக நடக்கலாம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு இரட்டைப் பங்குகளுக்கு இடையே உள்ள வித்தியாசம், இரண்டு ஒற்றைப் பங்குகளின் வித்தியாசமாகவும் இருந்தாக வேண்டும். அப்படியானால் அது ஒரே நேரத்தில் இரட்டை, ஒற்றை. அப்படிப்பட்டது பூஜ்யம் ஒன்றுதான் என்று இப்போதுதான் பார்த்தோம். ஆகவே வித்தியாசம் பூஜ்யம். அந்த விசித்திரப் பிறவி இல்லாவிட்டால் இந்த நிரூபணம் நிற்காது.

ஆய்லரின் அதே 1748 நூலின் எட்டாவது அத்தியாயத்தில், கற்பனை அடுக்கு ஏறிய ஒரு சார்பை கொசைனாகவும் சைனாகவும் பிரிக்கிற புகழ்பெற்ற சூத்திரம் இருக்கிறது. அந்தக் கூட்டிப் பாதி, கழித்துப் பாதி அங்கே அப்பட்டமாக நிற்கிறது. எந்தப் பக்கமும் சேராத ஒரு சார்பு, யுக்திபாஷாவில் தனித்தனியாக இருந்த இரட்டை வரிசையும் ஒற்றை வரிசையும் கூடியதாக ஆகிவிடுகிறது. ‘இரண்டுமில்லை’ என்ற கட்டத்துக்கு அங்கே ‘இரண்டும் உண்டு’ என்று பெயர் எழுதலாம்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது, ‘‘சரி, நீயும் பொளக்கத்தானே செய்யறே? ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு கோடு போடறே’’ என்றார். நியாயமான அடி. ஆமாம், பிளவு ஒழியவில்லை. உலகத்தை இரண்டு கும்பலாக நிறுத்திய கோடு இப்போது ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஓடுகிறது. ஆனால் இந்த இரண்டும் ஒன்றென்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ‘நீ யார்?’ என்று கேட்டு வரிசையில் நிறுத்துவது வேறு, ‘உன்னில் எவ்வளவு இது, எவ்வளவு அது?’ என்று கேட்பது வேறு. முதல் கேள்வியில் மிச்சப்படுகிறவர்கள் உண்டு. இரண்டாவதில் யாரும் மிச்சமில்லை. பரீட்சைத் தாளில் மட்டும் நாம் இன்னமும் முதல் கேள்வியையே கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது என் மனத்தாங்கல்.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்காக ஒரு சம்பவம். அணுக்களின் நிலைகளைக் கண்ணாடிப் பிரதிபலிப்பில் மாறாதவை, குறி மாறுகிறவை என்று இரட்டையாகவும் ஒற்றையாகவும் பிரிப்பதை 1927இல் விக்னர் நிலைநாட்டினார். ஆய்லரின் கட்டுரைக்கு மிகச் சரியாக இருநூறு வருடம் கழித்து. இயற்கை இந்தப் பிரிவினையை மீறாது என்று முப்பது வருடம் எல்லோரும் நம்பினார்கள். 1956இல் லீ, யாங் இருவரும், கதிரியக்கச் சிதைவுகள் சிலவற்றில் அப்படி நம்ப ஆதாரமே இல்லை என்று எழுதினார்கள். சோதித்துப் பார்த்தவர் சியென்-ஷியுங் வூ என்கிற பெண் விஞ்ஞானி. அந்த வருடக் கடைசியில், வாஷிங்டனில் இருந்த தேசியத் தரநிர்ணய ஆய்வகத்தில், கோபால்ட்-60 அணுக்கருக்களைக் கடும் குளிரில் காந்தப்புலத்தால் ஒரே திசையில் நிறுத்தி, எலெக்ட்ரான்கள் எந்தப் பக்கம் அதிகம் பறக்கின்றன என்று எண்ணினார். கண்ணாடியை இயற்கை மதித்தால் இரண்டு பக்கமும் சமமாகப் பறக்க வேண்டும். பறக்கவில்லை. ஒரு பக்கம் தெளிவாக அதிகம். 1957 நோபல் பரிசு லீக்கும் யாங்குக்கும் போயிற்று, வூவுக்கு இல்லை. பித்தகோரியர்களின் பட்டியல் வேறு எங்கேயோ உயிரோடுதான் இருந்தது.

அதே 1957இல், கோட்டயத்தில் பிறந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ஜார்ஜ் சுதர்சன், மார்ஷாக்கோடு சேர்ந்து அந்தச் சிதைவின் விதியை முன்வைத்தார். கண்ணாடியில் ஒரு விதமாக நடந்துகொள்கிற பகுதியிலிருந்து, நேர் எதிராக நடந்துகொள்கிற பகுதியைக் கழித்தால் கிடைப்பது அது. ஒன்று மட்டும் இல்லை, மற்றது மட்டும் இல்லை, இரண்டும் சம அளவில்.

வூ எண்ணிய எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை, திசையோடு எப்படி மாறுகிறது என்று எழுதுகிற சூத்திரத்தைப் பிற்பாடு ஒரு புத்தகத்தில் பார்த்தேன். சுழல் திசைக்கும் எலெக்ட்ரான் பறக்கிற திசைக்கும் இடையிலான கோணத்தின் கொசைனை ம என்று வைத்தால், அது ஒரு முதல் படிப் பல்லுறுப்புக் கோவை: ஒரு மாறிலி, அதோடு ம–வின் ஒரு மடங்கு. 1 – கம என்ற மாதிரி. முன்னது இரட்டை, பின்னது ஒற்றை. கண்ணாடி விதி உண்மையாக இருந்திருந்தால் பின்னது இருந்திருக்கக் கூடாது. இதே கோவையைப் பதினோராம் வகுப்பு நோட்டில் யாராவது எழுதிக்கொண்டு வந்திருந்தால், சிவப்பு மையில் ‘இரண்டுமில்லை’ என்று எழுதி, அடுத்த கணக்குக்குப் போகச் சொல்லியிருப்பேன்.